பஞ்சர் காசு யார் தலையில்?



கடுகு போகிற இடத்தைத் தடவிப் பார்ப்பார்கள், பூசணிக்காய் போகிற இடம் தெரியாது என்பது பழமொழி. நம் கடைகளில் இது தினமும் நடக்கிறது. துவரம் பருப்பு மூட்டையில் கால் கிலோ குறைந்தால் தராசைச் சரிபார்க்கிறோம், சாக்கைத் திருப்பிப் பார்க்கிறோம், அனுப்பியவருக்குப் போன் போடுகிறோம். கடை வண்டியின் டியூப் ஒரே மாதத்தில் மூன்று தடவை போனால், "ரோடு அப்படி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். சில கடைகளில் அத்துடன் விடுவதும் இல்லை. பஞ்சர் ஒட்டிய காசை வண்டி ஓட்டுகிறவர் கணக்கில் பற்று எழுதிவிடுகிறார்கள். "ஒழுங்காகப் பார்த்து ஓட்டினால் ஏன் பஞ்சர் ஆகிறது?" என்பது அவர்கள் வாதம்.

இந்த வழக்கம் தவறு என்பது என் கருத்து. தர்மத்தை வைத்தும் சொல்கிறேன், வரவு செலவை வைத்தும் சொல்கிறேன். பஞ்சரில் இரண்டு வகை உண்டு. முள்ளாலும் ஆணியாலும் வெளியிலிருந்து வருவது ஒன்று. துருப்பிடித்த ரிம்மாலும், நீட்டிக்கொண்டிருக்கும் போக்ஸ் கம்பியாலும், கிழிந்த பிளாப்பாலும் சக்கரத்துக்கு உள்ளேயிருந்து வருவது மற்றொன்று. இந்த இரண்டாவது வகைக்கு வண்டி ஓட்டுகிறவர் எவ்விதத்திலும் பொறுப்பாக மாட்டார். வண்டிக்குச் சொந்தக்காரர்களாகிய நாம்தான் பொறுப்பு. ஆகவே காசை யார் தருவது என்று பேசுவதற்கு முன், டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

ரோட்டில் கிடக்கும் ஆணி

வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றி மதுரைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள் 1912-இல் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய காலத்தில், ரோடு முழுவதும் மாட்டு வண்டிகள்தான். மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். அந்நாளில் டயரும் டியூபும் வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அதிகம். அதனால் காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓடவிட்டு அந்த ஆணிகளைப் பொறுக்கி எடுக்கச் செய்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். மதுரையில் பழைய பஸ் தொழிலாளர்களும் இதைச் சொல்வதுண்டு.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. பஸ் பஞ்சரானால் டிரைவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது எந்த முதலாளிக்கும் சுலபமான காரியம். ஆணியைத் தேடிப் போய் எடுப்பது சிரமமான காரியம். அந்தச் சிரமமான காரியத்தைச் செய்த நிறுவனம்தான் பிறகு வளர்ந்தது. இன்று மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு டயர் செய்யும் தொழிற்சாலையும் அந்தக் குழுமத்தின் வழியில் வந்ததே.

இப்போது லாட ஆணி குறைந்துவிட்டது. அந்த இடத்தைச் சீமைக் கருவேல முள் பிடித்துக்கொண்டது. கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர், செக்கானூரணி என்று நம் சரக்கு போகிற எந்தப் பக்கம் திரும்பினாலும், நாற்கரச் சாலையை விட்டு இறங்கியதும் இரு ஓரமும் அந்த மரம்தான். வெட்டிப் போட்ட கிளையின் முள் காய்ந்தால் இரும்பு மாதிரி இருக்கும். சைக்கிள் டயரையும் மொபெட் டயரையும் துளைத்துவிடும். இப்படி வரும் பஞ்சர் இயற்கை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தொழில் செலவு என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சக்கரத்துக்குள் இருக்கும் ஆணி

காற்று அடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1845-இல். அவர் அமைத்த சக்கரத்திலேயே உள்ளே ஒரு ரப்பர் குழாய், அதற்கு வெளியே கனமான தோல் உறை என்று இருந்தது. உள்ளே இருப்பது மெல்லியது, அதற்குக் காவல் வேண்டும் என்று முதல் நாளிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் சைக்கிளுக்கு அதே வழியில் டயர் செய்து காட்டினார். அவர் பெயர்தான் நம் ஊர் மாட்டு வண்டி டயர் வரை வந்து சேர்ந்தது.

டியூபே வேண்டாம் என்ற டயரை அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனி 1947-இல் அறிவித்தது. 1955 வாக்கில் அந்நாட்டுப் புதுக் கார்களில் அதுவே வழக்கமாகிவிட்டது. நம் நாட்டிலும் இன்று புதுக் கார்களில் பெரும்பாலும் டியூப் இல்லாத டயர்தான். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டயருக்குள் இருக்கும் காற்றை ரிம்மும் சேர்ந்து பிடித்து வைக்க வேண்டும். டயர் விளிம்பு உட்காருகிற இடம் வழவழப்பாக இருக்க வேண்டும். ரிம்மில் ஒரு துளை, ஒரு இணைப்பு, ஒரு கீறல்கூட காற்று விடக் கூடாது.

பழைய சக்கரங்கள் இந்த நிபந்தனைக்கு உட்பட்டுச் செய்யப்பட்டவை அல்ல. போக்ஸ் கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஒரு துளை இருக்கிறது. மிகப் பழைய கார்களில் நடுத்தட்டை ரிம்மோடு ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள், அந்த ரிவெட் வழியாகக் காற்று கசியும். இருபது முப்பது வருடம் ஓடிய இரும்புச் சக்கரத்தில் டயர் விளிம்பு உட்காருகிற இடம் துருவால் குழி குழியாகிவிடும், அங்கும் காற்று கசியும். இப்படிப்பட்ட சக்கரத்தில் டியூப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதில் தவறும் இல்லை.

தவறு அடுத்த படியில் இருக்கிறது. காற்று கசிகிற சக்கரம் என்றால் அது கரடுமுரடான சக்கரம் என்று அர்த்தம். காற்று எந்த வழியில் கசிந்ததோ, அந்தத் துருவும் ரிவெட்டும் கம்பி முனையும்தான் டியூபை அறுக்கப் போகின்றன. தகர டின்னில் ஓட்டை விழுந்தால் உள்ளே பாலித்தீன் பை போட்டு எண்ணெய் ஊற்றலாம். ஆனால் ஓட்டையின் விளிம்பு உள்பக்கம் மடிந்து கூராக நின்றால் பை எத்தனை நாள் தாங்கும்? முதலில் அந்த விளிம்பைத் தட்டிச் சமன் செய்யத்தானே வேண்டும்? சக்கரமும் அதே மாதிரிதான்.

நம் வண்டிகளின் நிலை

நம்மில் பலர் இன்னும் பழைய அம்பாசிடர் காரை வைத்திருக்கிறோம். அந்தக் கார் உத்தரப்பாராவில் 2014-உடன் நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடுகிற ஒவ்வொன்றும் பத்து வருடத்துக்கு மேற்பட்டது. பாதிக்கு மேல் அதைவிட எவ்வளவோ பழையது. அதன் 5.90-15 டயர் கடையில் இல்லை என்றால், அளவு ஒத்துவருகிற டியூப் இல்லாத ரேடியல் டயரைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு நாளில் காற்று இறங்குகிறது. உடனே உள்ளே ஒரு டியூபைத் திணிக்கிறார்கள். ரிம்மை யாரும் சுத்தம் செய்வதில்லை. டயருக்குள் ஒட்டியிருக்கும் காகித லேபிளைக்கூட உரிப்பதில்லை. அந்த லேபிள் சுருண்டு டியூபைத் தேய்த்தே ஓட்டை போட்டுவிடும்.

லோடு ஆட்டோ, பழைய ஸ்கூட்டர் இவற்றின் சக்கரம் பெரும்பாலும் இரண்டு தட்டுகளைச் சேர்த்து போல்ட் முடுக்கியது. 4.00-8 டயர் போட்ட ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். இரண்டு தட்டும் சேருகிற கோட்டின் மேல்தான் டியூப் உட்காருகிறது. துரு ஏறி அந்தக் கோடு கத்தி மாதிரி ஆகிவிட்டாலோ, தட்டுகளைச் சேர்க்கும்போது டியூப் நடுவில் சிக்கிக்கொண்டாலோ பஞ்சர் நிச்சயம்.

சைக்கிள், ட்ரைசைக்கிள், மொபெட் இவற்றில் போக்ஸ் கம்பிதான் வில்லன். கம்பியின் தலையில் இருக்கும் நிப்பிள் ரிம்முக்குள் எட்டிப் பார்க்கும். அதை மறைக்கத்தான் ரிம் டேப். 25 கிலோ சிப்பம் ஆறு ஏற்றிய ட்ரைசைக்கிளில் கம்பி ஒன்று அறுந்துவிடும். புதுக் கம்பி போட்டுக் கோட்டம் எடுப்பார்கள். அளவு பார்க்காமல் நீளமான கம்பியைப் போட்டிருந்தால், முடுக்க முடுக்க அதன் முனை நிப்பிளைத் தாண்டி டேப்பையும் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். மறுநாளே பஞ்சர். ஓட்டினவர் என்ன செய்வார்?

இந்த விஷயத்தில் லாரிக்காரர்களைப் பாராட்ட வேண்டும். 10.00-20 அளவுள்ள பழைய மாதிரி லாரி டயர் வாங்கினால் டயர், டியூப், பிளாப் மூன்றும் சேர்ந்துதான் ஒரு செட். வளையம் போட்டு மூட்டும் அந்த ரிம்மின் இடுக்கில் டியூப் சிக்காமல் காப்பது பிளாப். பிளாப் இல்லாமல் டியூப் போடச் சொன்னால் எந்த லாரி டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். பத்து டன் சரக்கு ஏற்றுகிறவருக்கு இருக்கும் அறிவு, பத்துச் சிப்பம் ஏற்றுகிற நமக்கு ஏன் இருக்கக் கூடாது?

டியூப் சொல்லும் சாட்சி

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கும்போது ஓட்டுநரைச் சாட்சி கேட்க வேண்டியதில்லை. டியூபே சொல்லிவிடும். பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஓட்டை டியூபின் வெளிவட்டத்தில், அதாவது ரோட்டைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் முள், ஆணி, கண்ணாடி. டயரைத் தடவினால் பெரும்பாலும் அந்த முள்ளே கிடைக்கும். அதை எடுக்காமல் திரும்பப் பூட்டினால் அரை மணியில் மறுபடி பஞ்சர்.

ஓட்டை உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் காரணம் துரு, ரிவெட், கம்பி முனை, டேப் நகர்ந்தது, பிளாப் கிழிந்தது, இவற்றில் ஒன்று. இது சொந்தக்காரர் கணக்கு.

பக்கத்துக்கு ஒன்றாகப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு வெட்டு இருந்தால், காற்றுக் குறைவாக வைத்தோ சுமை அதிகம் ஏற்றியோ பள்ளத்தில் இறக்கியது. டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. இதில் ஓட்டுநருக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் சுமை ஏற்றச் சொன்னது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால், ரிம்மில் வால்வுத் துளை பெரிதாகவோ கூராகவோ இருக்கிறது. அல்லது காற்றுக் குறைவால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபையும் இழுத்திருக்கிறது. வால்வு நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பது இதற்கு முன்னறிவிப்பு. ஓட்டை விழுவதற்குப் பல நாள் முன்பே இதைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு யோசனை. டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஓட்டை கிடைத்ததும் டியூபை அந்தக் கோட்டோடு பொருத்திப் பார்த்தால், ரிம்மில் எந்த இடத்தில் குற்றம் என்று விரலை வைத்துச் சொல்லிவிடலாம்.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் கிட்டங்கிக்குச் சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய லோடு ஆட்டோ ஒரு மாதத்தில் நான்கு தடவை நின்றது. ஒரு தடவை கடலை எண்ணெய் டின்களோடு வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தது. "அண்ணாச்சி, இந்தப் பய ஓட்டுற லட்சணம் இது. நாலு பஞ்சரையும் அவன் சம்பளத்திலதான் கழிச்சிருக்கேன்" என்றார். ஓட்டுகிற பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "தம்பி, கழிச்சது இருக்கட்டும். பழைய டியூபை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றேன். கொண்டு வந்தான். நாலு ஒட்டும் உள்வட்டத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் அடுத்தடுத்து இருந்தன. சக்கரத்தைப் பிரித்தால் தட்டு சேருகிற இடத்தில் துரு செதில் செதிலாக நிற்கிறது. கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. மறு வாரம் பையன் சரக்கு எடுக்க வந்தபோது, "முதலாளி காசைத் திருப்பிக் கொடுத்துட்டார்" என்று சொன்னான். அந்தக் கடைக்காரரின் பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பழைய டியூபைப் பார்க்காமலே போயிருந்தால்?

என்ன செய்ய வேண்டும்

இது பெரிய தொழில்நுட்பம் இல்லை. நம் ஊர் பஞ்சர் கடைக்காரர் அனைவருக்கும் தெரிந்ததுதான். நேரம் ஆகும், அதற்குக் கூலி தருகிறோம் என்று நாம் சொல்லாததால் அவர்களும் செய்வதில்லை.

1. டயரைக் கழற்றியதும் ரிம்மைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துருவை முழுதும் எடுக்க வேண்டும். கூராக இருக்கும் இடத்தை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலை உறுத்துவது டியூபையும் உறுத்தும்.

2. ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அதன் மேல் பெயிண்ட் ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்த பிறகே டியூப். ஈரப் பெயிண்டில் டியூப் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை பிய்த்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

3. போக்ஸ் கம்பிச் சக்கரத்தில் எல்லா நிப்பிளும் மூடும் அகலத்துக்கு ரப்பர் ரிம் டேப் போட வேண்டும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் நம் சித்திரை வெயிலில் பசை இளகி நகர்ந்துவிடும். நல்ல பழைய டியூபிலிருந்து பட்டையாக வெட்டிப் போடுவது அந்தக் காலத்துச் சைக்கிள் கடை வழக்கம், அது மோசமில்லை. கோட்டம் எடுத்த பிறகு ஒவ்வொரு தடவையும் கம்பி முனைகளைப் பார்த்து ராவ வேண்டும்.

4. காரில் டியூப் போடும்போது ரிம்மின் வால்வுத் துளையைப் பாருங்கள். துளை பெரிது, வால்வு சிறிது என்றால் நடுவில் ரப்பர் புஷ் போட வேண்டும். ரேடியல் டயருக்கு ரேடியலுக்கு என்று போட்டிருக்கும் டியூபே வேண்டும். ரேடியல் டயர் ஓடும்போது பக்கவாட்டில் அதிகமாக நெளியும். சாதா டியூப் அதைத் தாங்காது.

5. டயரின் உட்பக்கத்தைத் துடைத்து, லேபிளை உரித்து, டியூபின் மேல் சாக் பவுடரை லேசாகத் தூவ வேண்டும். அப்போதுதான் டியூப் ஒட்டாமல் நழுவி உட்காரும். கடையில் கைக்கு எட்டுகிறதே என்று தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவக் கூடாது. எண்ணெய் ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும். டயர் விளிம்பு ஏறவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் போதும்.

6. டியூபில் சிறிது காற்று ஏற்றி உருண்டையாக்கிய பிறகே டயருக்குள் வைக்க வேண்டும். பூட்டியபின் காற்று அடித்து, முழுதும் இறக்கி, மறுபடி அடிக்க வேண்டும். மடிப்பு இருந்தால் இதில் விரிந்துவிடும். மடிந்தபடி ஓடிய டியூப் மடிந்த இடத்திலேயே அறுகும்.

7. பிளாப் உள்ள சக்கரத்தில் புது டியூபுக்குப் பழைய பிளாப்பைப் போடுவது வீண் சிக்கனம். பழைய பிளாப்பின் ஓரம் காய்ந்து விறைத்துக் கத்தி மாதிரி இருக்கும்.

8. வாரம் ஒரு நாள், கடை திறக்குமுன், வண்டி சூடேறாத நேரத்தில் காற்று அளவு பார்க்க வேண்டும். எத்தனை பவுண்டு என்பதை வண்டிக்கான புத்தகத்தில் பார்த்து, வண்டியிலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள்.

டியூபை வைத்து மறைக்கக் கூடாதவை

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. காற்று கசிவது ஒரு வகையில் சக்கரம் நமக்குச் சொல்லும் சேதி. துரு காரணமாகக் கசிந்தால் மேலே சொன்னபடி சுத்தம் செய்து டியூப் போடலாம். ரிம்மில் வெடிப்பு விழுந்து, வெல்டிங் விட்டுப்போய், அல்லது போல்ட் துளை நீண்டுபோய்க் கசிந்தால் அந்தச் சக்கரத்தை எடைக்குப் போட்டுவிட வேண்டும். அதற்குள் டியூப் போட்டால் கசிவு நிற்கும், வெடிப்பு நிற்காது. சேதி சொல்லும் வாயை மட்டும் அடைத்தவர்கள் ஆவோம். பிறகு அது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் நாற்கரச் சாலையில் சுமையோடு உடையும்.

டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலும் காற்று மெதுவாக இறங்கும், ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். டியூப் கிழிந்தால் வால்வுத் துளை வழியாகவும் கம்பித் துளைகள் வழியாகவும் காற்று சட்டென்று வெளியேறிவிடும். முன் சக்கரத்தில் அப்படி நடந்தால் மொபெட் ஓட்டுகிறவர் கீழே விழுவார். பின்னால் கப்பலூர்ப் பக்கமிருந்து லாரி வந்துகொண்டிருக்கும். டியூபைக் காப்பது ஆளைக் காப்பது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. இரண்டு தட்டுச் சக்கரத்தைக் கழற்றும்போது, வண்டியோடு சேர்க்கும் நட்டு எது, தட்டுகளைச் சேர்க்கும் நட்டு எது என்று தெரிந்து கழற்ற வேண்டும். காற்று இருக்கும்போது தட்டு நட்டைக் கழற்றினால் தட்டு பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். லாரிச் சக்கரத்தின் வளையமும் அப்படித்தான், உயிரையே வாங்கும். காற்றை முழுதும் இறக்கி, வால்வு பின்னைக் கழற்றிய பிறகே நட்டில் ஸ்பேனர் போட வேண்டும். கடைப் பையன்களை இந்த வேலைக்கு ஏவவே கூடாது.

ஒரு ஆட்சேபணை

"பஞ்சர் செலவை முதலாளியே ஏற்றால் ஓட்டுகிறவன் அலட்சியமாகிவிடுவான்" என்று ஒரு வாதம் உண்டு. இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. காற்று பார்க்காமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பற்று எழுதுவதால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காசு பிடிப்பார்கள் என்று தெரிந்தால் பஞ்சரானதை யாரும் சொல்ல மாட்டார்கள். காற்று குறைந்த சக்கரத்தை அப்படியே உருட்டிக்கொண்டு கடை வரை வந்துவிடுவார்கள். பஞ்சர் ஒட்டினால் சில பத்து ரூபாயோடு போயிருக்கும். உருட்டிக்கொண்டு வந்ததால் டியூபும் போகும், டயரும் போகும், ரிம்மும் நெளியும். ஆளிடம் பிடித்தது சிறு தொகை, நாம் இழந்தது பெருந்தொகை. பூசணிக்காய் போன இடம் இதுதான்.

அதற்குப் பதில் ஒரு சிறு நோட்டுப் போடுங்கள். தேதி, எந்தச் சக்கரம், ஓட்டை எந்தப் பக்கம், எவ்வளவு செலவு. நான்கு பத்திதான். பஞ்சர் கடைச் சிட்டையில் "உள்", "வெளி" என்று ஒரு வார்த்தை எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் எந்தச் சக்கரம் நம் காசைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். பாம்புக் கடி வெட்டு திரும்பத் திரும்ப ஒருவர் வண்டியிலேயே வந்தால் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆதாரத்தோடு பேசினால் அவரும் ஏற்பார்.

சங்கத்துக்கு வேண்டுகோள்

நம் சங்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, பஞ்சர் செலவை வண்டி ஓட்டுகிறவர், சுமை இறக்குகிறவர் கணக்கில் பற்று எழுதுவதில்லை என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வர வேண்டும். சட்டம் சொல்லி நாம் செய்வதைவிட நாமே முன்வந்து செய்வது மரியாதை. கடைக்கு ஆள் கிடைப்பது இன்று எவ்வளவு கஷ்டம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். சிறு தொகைக்காக நல்ல ஆளை இழப்பது வியாபாரம் ஆகாது.

இரண்டாவது, ரிம் டேப், பிளாப், வால்வு புஷ் போன்றவற்றைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் தரலாம். ஒவ்வொன்றும் சின்னச் சாமான், ஆனால் தேவைப்படுகிற நேரத்தில் திருமங்கலத்தில் கிடைக்காமல் மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், நம் பஞ்சர் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு எல்லாக் கடை வண்டிச் சக்கரங்களையும் பிரித்துப் பார்க்க ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து துரு ஏறுவது அப்போதுதான்.

சரக்கு நம்முடையது, வண்டி நம்முடையது, சக்கரமும் நம்முடையது. அதற்குள் இருக்கும் துருவும் நம்முடையதுதான். உறுப்பினர்கள் அவரவர் கடை வண்டியின் பழைய டியூபை இந்த வாரமே எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, பொதுக்கூட்டத்துக்கு வரும்போது என்ன கண்டார்கள் என்று சொன்னால், தீர்மானத்தின் மேல் பேசுவதற்கு வசதியாக இருக்கும்.